வயசுக்கு ஒரு மீன்

மார்ச் 28

தடுப்பணைக்கு மேலே கல்லாறு இன்று ஓட்டத்தை நிறுத்திவிட்டது. களத்திலிருந்து ஜெனோவா போட்டோ அனுப்பியிருக்கிறாள். நாங்கள் கட்டிய மீன் ஏணி, படிப்படியாக, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடக்கிறது. திறப்பு விழாவுக்கு வந்து ரிப்பன் வெட்டியவர்கள் யாரும் இந்த வெயிலில் பார்க்க வரமாட்டார்கள், அந்த மட்டும் நிம்மதி.

இனி செவ்வால் கெண்டைக்கு ஆனைக்கசம் ஒன்றுதான் கதி. கசம் என்றால் எந்தக் கோடையிலும் வற்றாத ஆழம். கல்லாற்றில் அப்படி மிஞ்சியிருப்பது இது ஒன்றே. மற்றதையெல்லாம் மணல் அள்ளியும் மோட்டார் வைத்து உறிஞ்சியும் தீர்த்துவிட்டார்கள். சித்திரை, வைகாசி முழுக்க மீன்கள் அதற்குள் ஒடுங்கிக் கிடக்கும். ஆனியில் சாரல் விழுந்து புதுத்தண்ணீர் வந்ததும் அதை எதிர்த்து ஏறி, ஏணி வழியாக அணையைத் தாண்டி, மலையடிக்குப் போய் முட்டையிடும். ஏத்துமீன் என்று இங்கே சொல்வார்கள். இந்த ஆற்றை விட்டால் அதற்கு வேறு ஆறு கிடையாது.

பதினாறு வருஷமாக எங்கள் அறக்கட்டளை இந்த ஒரு மீனுக்காகத்தான் இருக்கிறது. நானும் அப்படித்தான் என்பார் இவர். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "மீனுக்கு வாக்கப்பட்டவ. போனாப் போகுதுன்னு எனக்கும் சோறு போடுதா" என்று சொல்லிச் சிரிப்பார்.

இன்று சிரிக்கவில்லை. வயிற்றிலிருந்து மறுபடியும் தண்ணீர் எடுத்தார்கள். கல்லீரல் கெட்டால் வயிற்றில் நீர் சேருமாம். வேண்டிய இடத்தில் இல்லாத தண்ணீர் வேண்டாத இடத்தில் வந்து நிற்கிறது.

ஏப்ரல் 4

வனத்துறைக்கு மனு. மோட்டார் வைத்திருக்கிற தோட்டக்காரர் இருவரிடம் கெஞ்சல். ஒருவர் மோர் கொடுத்தார், இன்னொருவர் நாயை அவிழ்த்துவிட்டார். சாயங்காலம் ஆஸ்பத்திரி. இவருடைய போர்வையைத் துவைக்கப் போட வேண்டும்.

ஏப்ரல் 9

டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மாற்றுக் கல்லீரல் வைக்க இவருடைய இருதயம் தாங்காது என்றார். மீதியை எழுதவில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஆவுடை. இவருடைய ஒரே தங்கை. தாய் தகப்பன் போன பிறகு இவர்தான் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார். அண்ணன் அவளுக்குச் சாமி. நான் அந்தச் சாமியைச் சரியாகக் கவனிக்காத பூசாரி. ஜோசியரைப் பார்த்துவிட்டு நேரே வந்திருந்தாள்.

"மதினி, கசத்துக் கேட்டுச் சாவி ஒரு நாளைக்கு வேணும்."

"எதுக்கு?"

"அண்ணனுக்குப் பரிகாரம். வத்தாத தண்ணியில செய்யணும்னு சொல்லிட்டாரு. சுத்துவட்டாரத்துல வத்தாத தண்ணி உங்ககிட்டதான இருக்கு."

"என்ன பரிகாரம்?"

"சொன்னா நீங்க நம்பவா போறிய? நூறு கேள்வி கேப்பிய."

கசத்துக்கு வேலி போட்டுக் கேட்டும் வைத்திருக்கிறோம். சாவி இரண்டு: ஒன்று காவல்காரர் முப்பிடாதியிடம், ஒன்று என்னிடம். வேறு யார் கேட்டிருந்தாலும் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்து அனுப்பியிருப்பேன். இன்று களைப்பாக இருந்தது. விளக்கு ஏற்றுவாள், பால் ஊற்றுவாள், என்ன ஆகிவிடப் போகிறது. கொடுத்தேன்.

ஏப்ரல் 11

சாவி திரும்பி வந்தது, கூடவே ஒரு திருநீற்றுப் பொட்டலமும். பூசிவிடச் சொன்னாள். பூசினேன். இவர் ஆச்சரியமாகப் பார்த்தார், ஆனால் நெற்றியைக் காட்டினார்.

ஏப்ரல் 22

ஜெனோவாவின் குரலைக் கேட்டதுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. ஆறு வருஷமாக எங்கள் களப்பணி முழுவதும் அவள் தலையில்தான். எளிதில் பதறுகிறவள் இல்லை.

"அக்கா, சோதனை வலையில ஒண்ணு மாட்டியிருக்கு. செவ்வால் இல்ல. ஆப்பிரிக்கக் கெளுத்தி. முழங்கை நீளம்."

"ஒண்ணா?"

"வலையில ஒண்ணு. மேல வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்குறது நெறைய. வயித்தைக் கீறிப் பாத்தேன்க்கா. ரெண்டு செவ்வால் முழுசா இருந்துச்சு."

கையில் இருந்த டிபன் கேரியரை மருந்துக்கடை வாசலிலேயே கீழே வைத்துவிட்டேன். வளர்க்கவே கூடாது என்று தடை போட்ட மீன் அது. எதையும் தின்னும், சேற்றில் புதைந்து கிடந்து பிழைக்கும், மழை பெய்தால் ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்கே போகும். அடைபட்ட கசத்துக்குள் அது இறங்கினால் கோழிக்கூட்டுக்குள் நரி புகுந்ததுதான். மழைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. அதுவரை செவ்வால் எங்கே ஓடும்?

ஏப்ரல் 24

கசத்துக்குப் போனேன். முப்பிடாதி கேட்டைத் திறந்துவிட்டுப் பூட்டை என் கையில் கொடுத்தார்.

"நல்லாப் பாருங்கம்மா. ஒரு கீறல் கிடையாது. வேலியும் எங்கயும் அறுபடல. திறந்துதான் உள்ள வந்திருக்கான், எவனா இருந்தாலும்."

பார்த்தேன். வெயில் அதிகமாக இருந்ததால் சீக்கிரம் திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 27

இவர் இன்று கொஞ்சம் தெளிவு. இரண்டு இட்லி சாப்பிட்டார்.

"குழல், கசத்துல மீனெல்லாம் நல்லா இருக்கா?"

பதினாறு வருஷத்தில் என் மீன்களை இவராகக் கேட்டது இதுதான் முதல் தடவை. கெளுத்தி விஷயத்தைச் சொல்லிக் கவலைப்படுத்த வேண்டாம் என்று, "நல்லா இருக்கு, நீங்க நிம்மதியா இருங்க" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனார். முப்பது வருஷ வாழ்க்கையில் இவரை நான்தான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையோ என்று பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

மே 2

நிர்வாகக் குழுக் கூட்டம். தலைவர் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"குழல்வாய்மொழி மேடம், இருக்கிறது ரெண்டு சாவி. ஒண்ணு உங்ககிட்ட. அப்ப யாருன்னு தனியாச் சொல்லணுமா?"

முப்பிடாதியை வேலையிலிருந்து நிறுத்திவைப்பது என்று தீர்மானம். செயலாளர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டேன். குழுவின் முடிவு அது. ஜெனோவா மட்டும், "அவரு செய்ய மாட்டாருக்கா" என்று மூன்று முறை சொன்னாள். காபி ஆறிப்போயிருந்தது.

மே 6

ஆவுடையைக் கேட்டேன். கேட்க வேண்டியதுதான், தள்ளிக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து, கொஞ்சமும் ஒளிக்காமல் சொன்னாள்.

"ஆமா மதினி, மீன் விட்டேன். வெட்டப்போற உசிரை வாங்கி, வத்தாத தண்ணியில விடணும். அது பிழைச்சுக் கிடக்கது மாதிரி அண்ணனும் பிழைச்சுக் கிடப்பாவ. வண்டி வச்சு டிரம்முல கொண்டுவந்தேன். வயசுக்கு ஒரு மீன்."

"ஐம்பத்தாறா?"

"ஐம்பத்தேழு. நடப்பு வயசுக்குத்தான் விடணுமாம். முடிஞ்ச வயசுக்கு விட்டா ஆயுசு அதோட முடிஞ்சுதுன்னு ஆயிரும். இந்தக் கடைசி ஒண்ணுதான் முக்கியம்னு சொன்னாரு."

"கடையில கெண்டை கிடைக்கலயா உனக்கு? அந்தக் கெளுத்திதான் கிடைச்சுதா?"

"எது சட்டுனு சாகாதுன்னு கேட்டேன். அதைத்தான் குடுத்தான்."

அறைய வேண்டும்போல் இருந்தது. அவள் கால் இரண்டும் செருப்பில்லாமல் வெடித்திருந்தன. அண்ணன் வீடு திரும்பும்வரை செருப்புப் போடுவதில்லையாம்.

மே 7

முப்பிடாதியை வேலைக்கு வரச் சொன்னேன். குழுவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. "சரிம்மா" என்று போனை வைத்துவிட்டார்.

மே 8

"மீனெல்லாம் நல்லா இருக்கா, குழல்?"

இன்றுதான் எனக்கு உறைத்தது. எந்த மீன் என்று கேட்டேன்.

"ஆவுடை விட்ட மீன்தான்." கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். "நம்பிக்கை எல்லாம் ஒண்ணும் இல்ல. சும்மா கேட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணும் சாகலல்ல?" என்றார்.

மின்வாரியத்தில் முப்பது வருஷம் என்ஜினியராக இருந்தவர். ராகு காலத்தில் புதுக் கார் எடுத்தவர். நான் ஜன்னலைச் சாத்துகிற சாக்கில் எழுந்து போனேன்.

மே 10

ஜெனோவா வந்து உட்கார்ந்துவிட்டாள். செவ்வாலில் பாதி போய்விட்டது, இனி ஒரு வாரம் தாமதித்தாலும் ஏணியில் ஏற மீனே இருக்காது என்கிறாள். ஒரே வழிதான் உண்டு: செவ்வாலை வலைக்கூண்டுக்கு மாற்றிவிட்டுக் கசத்தைப் பாதிக்கு இறைத்து, கெளுத்தி முழுவதையும் பிடித்துக் கொன்று புதைப்பது.

"ஏன்க்கா யோசிக்கிறீங்க?"

யார் விட்டது, எதற்கு விட்டது என்று அவளிடம் சொன்னேன். கையிலிருந்த கணக்கு நோட்டை மூடிவைத்தாள். பிறகு, "நாங்க ஜெபம் பண்ணுறோம். இதுவும் அது மாதிரிதான். ஆனா கசம் தாங்காதுக்கா" என்றாள்.

என் அறிவுக்குச் சந்தேகமே இல்லை. ஒரு மீனுக்கும் ஒரு மனிதன் கல்லீரலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் இதைத்தான் பேசியிருக்கிறேன்: பரிகாரம் என்று ஆற்றில் மீன் விடாதீர்கள் என்று. நோட்டீசுகூட நான் எழுதியதுதான். இறைக்கச் சொல்லிவிட்டேன்.

மே 15

இறைத்தோம். காலையில் தொடங்கி வெயில் சாய்கிற வரை. செவ்வால்களை வலைக்கூண்டுக்கு மாற்றும்போதே பல செத்தன. சூட்டில் கை பட்டாலே தாங்காத மீன். வால் சிவப்பு வெளுத்துப்போய்க் கரையோரம் மிதந்தன. ஜெனோவா அழுதுகொண்டே வேலை செய்தாள். கெளுத்திகளைச் சேற்றைக் கிளறிக் கிளறிப் பிடித்தோம். அடித்தாலும் சட்டென்று சாவதில்லை, ஆவுடையிடம் கடைக்காரன் சொன்னது சரிதான்.

குழிக்குப் பக்கத்தில் நின்று நான்தான் எண்ணினேன். ஜெனோவா முதலில் பிடித்ததையும் சேர்த்து ஐம்பத்தாறு.

"முடிஞ்சுதாக்கா? இன்னொரு தடவை கலக்கிப் பாத்திருவமா?"

சேறு கலங்கக் கலங்கச் செவ்வாலுக்கு மூச்சு முட்டும். எல்லாரும் களைத்திருந்தார்கள். இவருக்கும் முடிந்த வயது ஐம்பத்தாறுதான். கணக்கு சரியாக வருகிறது. முடிந்தது என்றேன்.

மே 17

ஊருக்குள் பேச்சு பரவிவிட்டது. ஆவுடை வெறுங்காலோடு கசத்துக்கே போய், மூடிய குழிமேல் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாளாம். "ஐம்பத்தேழு உசிரு! எங்க அண்ணன் உசிரு!" என்று கத்தினாளாம். முப்பிடாதிதான் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

ஜெனோவா போனில் கேட்டாள்: "அக்கா, அவங்க ஐம்பத்தேழுன்னு சொன்னாங்க. நாம பிடிச்சது ஐம்பத்தாறுதானே?"

பெரியது சின்னதைத் தின்றிருக்கும் என்றேன். அந்த மீன் அப்படிச் செய்யும், பொய்யில்லை. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

மே 19

ஆவுடை ஆஸ்பத்திரிக்கு வந்தாள். என்னிடம் பேசவில்லை. இவரிடமும் எதுவும் சொல்லவில்லை, அதற்காக அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆரஞ்சு உரித்து ஊட்டிவிட்டுப் போனாள்.

மே 26

"மீன்?"

"இருக்கு."

ஜூன் 3

மஞ்சள் கண்வரை ஏறிவிட்டது. பிதற்றுகிறார். என்னை அம்மா என்று கூப்பிட்டார், ஏதோ டிரான்ஸ்பார்மரை அணைக்கச் சொன்னார். கரன்ட் பில் கட்ட மறந்துவிட்டேன், நாளை கட்ட வேண்டும். தெற்கே மேகம் தெரிகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஜூன் 7

தீவிர சிகிச்சைப் பிரிவு. உள்ளே ஒருவர்தான் போகலாம். ஆவுடையைப் போகச் சொன்னேன். வெளியே நாற்காலியில் இருந்தபடி மீன் ஏணி அறிக்கையைத் திருத்தினேன். ஒரு வரிகூட மனசில் நிற்கவில்லை, ஆனால் பிழைகளைத் திருத்திவிட்டேன்.

ஜூன் 11

காலையில் மலையில் நல்ல மழையாம். பத்து மணிக்குக் கல்லாற்றில் புதுத்தண்ணீர் வந்துவிட்டது என்று ஜெனோவா சேதி அனுப்பினாள். வலைக்கூண்டைத் திறந்துவிட்டார்கள். மத்தியானம் அவளே கூப்பிட்டாள். பின்னால் தண்ணீர் இரைச்சல்.

"அக்கா, ஏறுதுக்கா! முதல் படி, ரெண்டாவது படி, துள்ளித் துள்ளி ஏறுது. இதுவரைக்கும் பதினொண்ணு. போன வருஷம் இருநூறுக்கு மேல. ஆனாலும் பதினொண்ணுக்கா!"

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவருக்குக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, இன்னொரு விஷயம்." இரைச்சலிலிருந்து தள்ளி வந்துவிட்டாள் போல, குரல் தெளிவாகக் கேட்டது. "ஏணிக்குக் கீழ வலையில ஒரு கெளுத்தி மாட்டியிருக்கு. அந்த ஒண்ணுதான்னு நெனைக்கிறேன். சாக்குல போட்டு வச்சிருக்கேன். அடிக்கறதுக்கு முன்னாடி உங்களைக் கேக்கணும்னு தோணிச்சு."

"உயிரோட இருக்கா?"

"நல்லாத் துள்ளுது. வயிறு நெறைய முட்டை."

முட்டை என்றால் ஆயிரக்கணக்கில். புதுவெள்ளத்தில்தான் அது இடும். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும், நோட்டீசில் எழுதியவள் நான்.

"விட்டிரு" என்றேன்.

"என்னக்கா?"

"ஆத்துல விட்டிரு."

"அக்கா, முட்டையோட இருக்குன்னு சொன்னேன்."

"கேட்டுச்சு. விட்டிரு, ஜெனோவா."

மறுபடியும் ஆற்றுப் பக்கம் நடந்தாள் போல, தண்ணீர் இரைச்சல் கூடியது. பிறகு அவளே வைத்துவிட்டாள்.

ஜூன் 12

விடியற்காலையில் இவர் போய்விட்டார்.

ஜூன் 13

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். மழையில் நனைந்துகொண்டேதான் எடுத்துப்போனார்கள். முற்றத்தில் பெண்கள் கூடி அழும்போது ஆவுடை என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"எல்லாத்தையும் கொன்னுட்டியே மதினி! ஒண்ணையாவது விட்டிருக்கக் கூடாதா? ஒரே ஒண்ணு. அந்த நடப்பு வயசுக்கு உள்ளதை மட்டுமாவது விட்டிருந்தா எங்க அண்ணன் இருந்திருப்பாவல்லா?"

ஜெனோவா மாலையோடு அப்போதுதான் வாசலில் ஏறினாள். எல்லாவற்றையும் கேட்டாள். நான் சொல்லிவிடுவேன் என்று என் முகத்தையே பார்த்தாள்.

நான் சொல்லவில்லை. அந்த ஒன்று உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும்போதுதான் இவர் போனார் என்று சொன்னால், ஆவுடைக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. வெறுங்காலோடு நடந்ததெல்லாம் வீண் என்றாகிவிடும். என்னைத் திட்டவாவது அவளுக்கு ஒரு காரணம் இருக்கட்டும். "தப்புதான் ஆவுடை" என்றேன். அவள் என் மடியில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன், யாருக்காக என்று பிரிக்கத் தெரியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஜெனோவா எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். மழை விட்டிருந்தது.

"இந்நேரம் முட்டை போட்டிருக்கும்க்கா" என்றாள்.

தெரியும் என்றேன்.